தண்டோடு வெளியே போகும் எண்ணெய்

ஜேசிபி எந்திரம் பள்ளம் தோண்டுவதை நின்று வேடிக்கை பார்க்காதவர்கள் நம் ஊர்களில் குறைவு. அதன் கையை மடக்கி நீட்டுவது, சிலிண்டருக்குள்ளிருந்து பளபளவென்று வெளியே வந்து போகும் ஓர் எஃகுத் தண்டு. பட்டறைகளில் அதை ராடு என்பார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெயின் அழுத்தம் கடினமான வேலையில் 200 பாரைத் தாண்டும். காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார்தான். 200 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் சுமார் 200 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம். இப்படி நெருக்கப்பட்ட எண்ணெய் வெளியேறப் பார்க்கும் இடம், தண்டு வெளியே வரும் வாய். அந்த வாயை நிரந்தரமாக மூடவும் முடியாது. நாள் முழுக்கத் தண்டு அதன் வழியேதான் போய்வர வேண்டும். ஆனாலும், நல்ல நிலையில் இருக்கும் எந்திரத்தில் தண்டின்மீது ஒரு மினுமினுப்பைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. தரையில் ஒரு சொட்டு விழுவதில்லை. எப்படி?

அடைப்பு என்றதும் இறுக்கி மூடுவதுதான் நினைவுக்கு வரும். வீட்டுக் குழாயின் வாஷரை அப்படித்தான் நடத்துகிறோம். திருகி நசுக்கினால் தண்ணீர் நின்றுவிடுகிறது. ஆனால் அங்கே எதுவும் ஓடுவதில்லை. ஓடும் தண்டை ரப்பரால் அப்படி நசுக்கிப் பிடித்தால் உரசிச் சூடேறி, வெகுசீக்கிரம் கருகித் தேய்ந்துவிடும். தளர்த்தினால் எண்ணெய் பீறிடும். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் இறுக்கத்தைப் பார்த்து வைத்தால் போதும் என்று தோன்றலாம். போதாது என்பதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

நியூகோமன் 1712இல் அமைத்த நீராவி எந்திரத்தில் சிலிண்டரின் மேல்வாய் திறந்தே இருந்தது. பிஸ்டனில் தோலைப் பொருத்தி, அதன்மேல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைத்து இடைவெளியை அடைத்தார்கள். பிற்பாடு ஜேம்ஸ் வாட் சிலிண்டருக்கு மூடி போட்டபோது தண்டின் சிக்கல் தொடங்கியது. மூடியைத் துளைத்துக்கொண்டு தண்டு போய்வர வேண்டும். நீராவி மட்டும் வரக் கூடாது. தண்டைச் சுற்றி ஒரு குழிவு செய்து, கொழுப்பில் தோய்த்த நாரை அதில் திணித்து, மேலே ஒரு பட்டையை வைத்துத் திருகி நசுக்கினார்கள். நம் ஊர் மோட்டார் பம்புகளில் இன்றும் கிளாண்ட் கயிறு போட்டு நட்டை முடுக்குவது இதே முறைதான். இதில் இறுக்கத்தை முடிவு செய்வது நட்டு. உள்ளே அழுத்தம் இல்லாத நேரத்திலும் அதே உரசல் இருக்கும். அழுத்தம் ஏறிவிட்டால் அந்த இறுக்கம் போதாமல் போகும்.

1795இல் லண்டனில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியபோது இந்தக் குறை முழு உருவில் எதிரே வந்து நின்றது. அவருடைய பிரஸ்ஸின் அழுத்தம் அக்காலத்து நீராவியைவிடப் பல மடங்கு. நாரை லேசாக முடுக்கினால் தண்ணீர் ஒழுகியது. ஒழுகாத அளவுக்கு முடுக்கினால், அழுத்தத்தை விடுவித்த பிறகும் தண்டு இறங்காமல் இறுகி நின்றது. தீர்வு அவருடைய பட்டறையிலேயே பிறந்தது. அது அங்கே வேலைபார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை என்றே பொறியியல் வரலாற்றை எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள். தோலை வளைத்து மடித்து ஒரு வளையமாகச் செய்து, மடிப்பின் திறந்த பக்கம் அழுத்தத்தைப் பார்க்கும்படி வைத்தார்கள். தண்ணீர் மடிப்புக்குள் புகுந்து, தோலின் ஓர் உதட்டைத் தண்டின்மீதும் மற்றொன்றைச் சுவரின்மீதும் தள்ளியது. அழுத்தம் கூடக் கூட உதடு இன்னும் இறுகியது. அழுத்தம் தணிந்தால் உதடும் தளர்ந்து, தண்டைத் தாராளமாக விட்டது.

இதைத் தன்னிறுக்கம் எனலாம். தப்பிக்கப் பார்க்கும் திரவத்தின் பலத்தையே அதைத் தடுக்கும் பலமாக மாற்றிக்கொள்வது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, கிண்ணம்போல் இருக்கும் அந்தத் தோல் வாஷர் நினைவிருக்கும். அதுவும் இதே குடும்பம். கீழே அழுத்தும்போது காற்று கிண்ணத்தின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கிறது. மேலே இழுக்கும்போது உதடு சுருங்கிக் காற்றுக்கு வழிவிடுகிறது.

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஓ-ரிங்கும் தன்னிறுக்கத்தால்தான் வேலை செய்கிறது, அதில் உதடே இல்லாவிட்டாலும். ரப்பரைச் சுருக்கிச் சிறிதாக்குவது ஏறத்தாழ இயலாது. அது வடிவம் மாறுமே தவிர அளவில் குறையாது. ஆகவே ஒரு பக்கம் எண்ணெய் 200 பாரில் தள்ளினால், ரப்பர் அதே 200 பாரை எல்லாப் பக்கமும் கடத்துகிறது. பொருத்தும்போதே லேசாக நசுக்கி வைத்திருப்பதால் வந்த முன்னழுத்தம் அதோடு சேர்ந்துகொள்கிறது. ரப்பர் தண்டைத் தொடும் இடத்தில் அழுத்தம் எப்போதும் எண்ணெயின் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நிற்கும் தண்டில் எண்ணெய் தோற்றுப்போவது இதனால்தான்.

ஆனால் தண்டு ஓடத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. எண்ணெய் எஃகில் ஒட்டும். தண்டு வெளியே போகையில் தன்மேல் ஒட்டிய எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகிறது. உதட்டின் விளிம்புக்கு அடியில் அந்த எண்ணெய் ஆப்புபோல நுழைந்து, ரப்பரை ஒரு நுனியளவு தூக்கி, மெல்லிய படலமாக மறுபக்கம் வந்துவிடுகிறது. படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருக்கலாம்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது அற்பமாகத் தெரிந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்டின் விட்டம் 60 மில்லிமீட்டர், அது நீளும் தூரம் 800 மில்லிமீட்டர், படலம் அரை மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை நீளும்போது வெளியே வருவது 0.075 மில்லிலிட்டர், அதாவது ஒன்றரைச் சொட்டு. ஆயிரம் முறை நீண்டால் 75 மில்லிலிட்டர். தரையில் நிச்சயமாகக் குட்டை கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை என்றால், போன எண்ணெய் தண்டோடு திரும்பி உள்ளே போயிருக்கிறது என்றுதான் பொருள்.

என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே மிக அழகான உண்மை இதுதான். நீடித்து உழைக்கும் அடைப்பு எண்ணெயை முற்றாகத் தடுப்பதில்லை. தண்டு வெளியே போகையில் மெல்லிய படலம் ஒன்றை அனுமதிக்கிறது; அந்தப் படலத்தில்தான் ரப்பர் வழுக்கிக்கொண்டு தேயாமல் பிழைக்கிறது. தண்டு திரும்புகையில் அதே படலத்தை உள்ளே விட்டுவிடுகிறது. போனதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசமே நிகரக் கசிவு. வடிவமைப்பாளர் பூச்சியமாக்க முயல்வது அந்த வித்தியாசத்தை.

அப்படியானால் போகும்போது கஞ்சத்தனமும் திரும்பும்போது தாராளமும் ஒரே உதட்டில் எப்படி அமையும்? தோசைக்கல்லின் முன் நின்றவர்களுக்கு விடை பாதி தெரியும். கரண்டியின் உருண்ட அடிப்பாகத்தால் மாவைத் தேய்த்தால், கரண்டி மாவின்மீது ஏறிச் சென்று ஒரு சீரான படலத்தை விட்டுப்போகிறது. தோசைத் திருப்பியின் கூரான விளிம்பால் அதே மாவைத் தள்ளினால், கல்லோடு ஒட்டச் சுரண்டிவிடுகிறது. திரவம் நுழையும் முகப்பு சாய்வாக இருந்தால் தடித்த படலம் உள்ளே போகும். செங்குத்தாக இருந்தால் மெல்லிய படலமே தப்பும். ரப்பர் உதட்டில் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைவிட, தொடும் இடத்தில் அழுத்தம் எவ்வளவு திடீரென ஏறுகிறது என்பதில் இருக்கிறது. இதை அழுத்தச் சரிவு எனலாம். எண்ணெய்ப் பக்கம் அழுத்தம் சட்டென்று உச்சிக்கு ஏறவேண்டும். காற்றுப் பக்கம் மெல்ல இறங்கவேண்டும். தண்டின் அடைப்பைப் பட்டறைகளில் சீல் என்பார்கள். நல்ல தண்டுச் சீலை வெட்டிப் பார்த்தால், எண்ணெயைப் பார்க்கும் பக்கம் விளிம்பு கூராக வெட்டப்பட்டிருக்கும், மறுபக்கம் தண்டை நோக்கி மெதுவாகச் சாய்ந்திருக்கும். காரணம் இதுதான்.

பழைய சீல் ஏன் ஒழுகுகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அதில் ஓட்டை எதுவும் விழுந்திருக்க வேண்டியதில்லை. கூர்விளிம்பு தேய்ந்து மழுங்கினாலே போதும். அழுத்தச் சரிவு தணிந்து, வெளியே போகும் படலம் தடித்து, திரும்ப வருவதைவிடப் போவது கூடிவிடும்.

மைக்ரானுக்கும் குறைந்த இந்தப் படலத்தை யார் பார்த்தார்கள் என்று கேட்பது நியாயம். 1940களின் பிற்பகுதியில் பிரிட்டனில் ஒயிட், டென்னி ஆகிய இருவர் நெகிழும் அடைப்புகளின் கீழ் எண்ணெய் எப்படி நடந்துகொள்கிறது என்பதை விரிவாகச் சோதித்தார்கள். 1963இல் நெதர்லாந்தின் பிளோக் இந்தக் கணக்கைத் தலைகீழாக அணுகும் வழியைக் காட்டினார். வழக்கமாகத் தாங்கிகளில், அதாவது பேரிங்குகளில், இடைவெளி தெரியும். அழுத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மென்மையான சீலில், ரப்பர் தண்டை எவ்வளவு அழுத்துகிறது என்பது முன்னமே தெரியும். அந்த அழுத்தத்தோடு பொருந்திவரும் படலத்தின் தடிமன்தான் தெரியாதது. அதைத் தீர்த்தால் கிடைக்கும் விடையில் மூன்றுதான் முக்கியம்: எண்ணெயின் கொழகொழப்பு, தண்டின் வேகம், அழுத்தச் சரிவின் உச்சம். வேகம் நான்கு மடங்கானால் படலம் இரண்டு மடங்காகும்.

இந்தக் கடைசிக் கூற்றை யாரும் ஒரு தட்டையும் தராசையும் வைத்துச் சோதிக்கலாம். தண்டை வேகமாக வெளியே தள்ளி மெதுவாக உள்ளே இழுத்தால், தடித்த படலம் வெளியே போகும், திரும்பும்போது அதில் ஒரு பகுதியே உள்ளே இடம்பெறும். எனவே ஒழுக வேண்டும். மெதுவாக வெளியே விட்டு வேகமாக இழுத்தால் ஒழுகக் கூடாது. ஒரே சீல், ஒரே தண்டு, ஒரே எண்ணெய். வேகங்களை மட்டும் மாற்றினால் கசிவு தோன்றுவதும் மறைவதும் ஆய்வகங்களில் காணப்பட்டது. சீல் வெறும் மூடி என்று எண்ணினால் இதற்கு விளக்கமே கிடையாது. கண்ணாலும் பார்த்திருக்கிறார்கள். சீலைக் கண்ணாடியின்மீது ஓடவிட்டு, ஒளிக்குறுக்கீட்டு வண்ணங்களைக்கொண்டு படலத்தின் தடிமனை அளக்க முடிகிறது. மழைநாளில் சாலையில் சிந்திய பெட்ரோல் வண்ணம் காட்டுவதும் அதே குறுக்கீட்டால்தான்.

இப்படிப் புரிந்துகொண்டபின், பட்டறை வாசலில் நியாயமாகத் தோன்றும் சில யோசனைகள் ஆபத்தானவை என்று தெரிகிறது. ஒரு சீல் லேசாக ஒழுகுகிறது, பின்னால் இன்னொன்றைச் சேர்த்தால் என்ன? முதல் சீலைத் தாண்டி வந்த படலத்தை இரண்டாவது சீல் தடுத்துவிடுகிறது. அந்த எண்ணெய் இரண்டுக்கும் நடுவே சேர்கிறது. திரும்பும்போது அதை உள்ளே விடும் திறன் முதல் சீலுக்கு இல்லையென்றால், தண்டு நீளும் ஒவ்வொரு முறையும் நடுவில் எண்ணெய் ஏறிக்கொண்டே போகும். போகப் போக அங்குள்ள அழுத்தம் சிலிண்டரின் அழுத்தத்தையே மிஞ்சி, வெளிச் சீலைப் பிய்த்துத் தள்ளிவிடும். எனவே இரட்டைச் சீல் போடுகிறவர்கள், திருப்பி அனுப்புவதில் வல்லதான ஒன்றை முதலில் வைப்பார்கள். பெரும்பாலும் அது படிபோல வெட்டப்பட்ட டெஃப்லான் வளையமாக இருக்கும். பின்னாலிருந்து அதை ஓர் ஓ-ரிங் தாங்கிப் பிடிக்கும். இரண்டாவதாகப் பாலியூரிதேன் உதடு வரும்.

வைப்பர் கதை இன்னும் வியப்பானது. சிலிண்டரின் வாயின் கடைசியில் தூசியைத் துடைப்பதற்கென்று ஒரு வளையம் உண்டு. தூசி ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது என்று அதன் விளிம்பை மிகக் கூராக்கி இறுக்கினால் என்ன ஆகும்? தண்டு வெளியே கொண்டுவந்த படலம் திரும்பி வரும் வழியில் வைப்பரால் சுரண்டப்பட்டு வெளியே தங்கிவிடும். சீல் சற்றும் பழுதில்லாமல் இருக்கும்; எந்திரமோ ஒழுகும். சீலை மாற்றிப் பார்ப்பார்கள், மறுபடியும் ஒழுகும். தூசியைத் தள்ளி, எண்ணெய்ப் படலத்தை மட்டும் உள்ளே விடும் வைப்பர் செய்வது சீல் செய்வதைவிட எளிதல்ல.

தண்டும் சும்மா இல்லை. அதன் பளபளப்பு அழகுக்காக வந்ததல்ல. 20, 30 மைக்ரான் தடிமனுள்ள கடினக் குரோம் பூச்சு அது. மேற்பரப்பின் கரடுமுரடு சராசரியாக 0.1 முதல் 0.3 மைக்ரானுக்குள் இருக்கும்படி இழைக்கிறார்கள். இதைவிடக் கரடாக இருந்தால் ரப்பரை அரம்போல அராவும் என்பது யாருக்கும் தெரியும். மிகவும் வழுவழுப்பாக இருந்தாலும் கெடுதல் என்பதுதான் பலரும் எதிர்பாராதது. நுண்ணிய பள்ளங்கள் இருந்தால்தான் அவற்றில் எண்ணெய் தங்கும். கண்ணாடிபோல இழைத்துவிட்டால் உதடு தண்டோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டு, மறுபடி ஒட்டி, தண்டு நடுங்கிக் கீச்சிடும். மேடுகள் மழுங்கியும் பள்ளங்கள் எஞ்சியும் இருக்கும் மேற்பரப்பே நல்லது. ஒரு புதுத் தண்டு ஓடிப் பழகும் முதல் சில மணி நேரத்தில் நடப்பதும் ஓரளவு இதுதான்.

சீலை எதைக்கொண்டு செய்வது என்பதில் நம் பக்கத்திலிருந்தே ஒரு நல்ல சான்று உண்டு. ஊருக்கு ஊர் நிற்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பின் பிஸ்டனில் முதலில் தோல் கிண்ணங்கள்தாம் இருந்தன. அவை தேய்ந்துபோகும்போதெல்லாம் ஆழ்துளைக்குள் இருக்கும் குழாய்கள் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு ஆட்களும் கருவிகளும் வேண்டும். அதுவரை ஊருக்குத் தண்ணீர் இல்லை. 1983 முதல் சில ஆண்டுகள் கோவைப் பகுதியில், கிணறுகளில் இறங்கி நிஜமாக உழைத்துக்கொண்டிருந்த பம்புகளை வைத்தே கள ஆய்வு நடந்தது. தோலைவிட நைட்ரைல் ரப்பர் கிண்ணங்கள் வெகுநாள் உழைத்தன. பிஸ்டனை மட்டும் தனியே மேலே எடுக்கும்படி குழாயின் அளவை மாற்றியதோடு, இந்த ரப்பரும் சேர்ந்து மார்க் 3 ஆனது. சீல் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதோடு, மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பதையும் ஒரே கேள்வியாகக் கேட்டதுதான் அந்த ஆய்வின் பெருமை. இன்னும் பல இடங்களில் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள்.

நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும், மலிவு. ஆனால் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது இறுகி வெடிக்கத் தொடங்கும். பாலியூரிதேன் தேய்மானத்தைப் பிரமாதமாகத் தாங்கும். ஆனால் அதன் சாதாரண வகைகளை வெந்நீர் மெல்ல அரித்துவிடும். டெஃப்லான் வழுக்கும், எதற்கும் அசையாது; ஆனால் தானாக மீளும் குணம் குறைவு, அதனால்தான் அதற்குப் பின்னால் ஓ-ரிங் வேண்டியிருக்கிறது. மீளும் குணத்தைச் சோதிக்கும் முறை எளிமையானது. ஒரு துண்டு ரப்பரைக் கால் பங்கு நசுக்கி, சூடான அடுப்பில் பல மணி நேரம் வைத்து, விடுவித்தபின் எவ்வளவு எழுகிறது என்று அளப்பார்கள். எழாமல் தங்கிவிட்ட அளவை நிரந்தர அமுக்கம் எனலாம். அது கூடக் கூட முன்னழுத்தம் போய்விடுகிறது. முன்னழுத்தம் போனால் எந்திரம் நிற்கும் நேரத்தில்கூட எண்ணெய் ஒழுகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ரப்பரின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயமான விதி. எண்ணெய் 60 டிகிரியில் இருந்தாலும், உரசும் உதட்டின் நுனி அதைவிடச் சூடு என்பதையும் மறக்கக் கூடாது.

இவ்வளவும் சரியாக அமைந்தபிறகும் சீல்கள் சாகின்றன. எதனால் என்பதைக் கழற்றிய சீலே சொல்லும். காற்றுப் பக்கத்து அடிவிளிம்பு எலி கடித்ததுபோல் கிழிந்திருந்தால், தண்டுக்கும் உலோகத்துக்கும் நடுவேயுள்ள இடைவெளியில் ரப்பர் பிதுங்கி வெட்டுப்பட்டிருக்கிறது. கடினமான தாங்கு வளையம் ஒன்று பின்னால் தேவை. நீளவாக்கில் கீறல் இருந்தால் எண்ணெயில் தூசி, அல்லது தண்டில் கல் பட்ட தழும்பு. எண்ணெய்ப் பக்கத்து விளிம்பு கருகியிருந்தால், எண்ணெயில் சிக்கிய காற்றுக்குமிழ் திடீரென நசுங்கிச் சூடாகி, எண்ணெய் ஆவியோடு பற்றி எரிந்திருக்கும். டீசல் எஞ்சினில் நடப்பதே அங்கே சிறு அளவில் நடந்திருக்கிறது, சிலிண்டரின் காற்றைச் சரியாக வெளியேற்றவில்லை. சுற்றிலும் தேயாமல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் குற்றம் சீலில் இல்லை. தண்டின் பக்கவாட்டுச் சுமையைத் தாங்கவேண்டிய வழிகாட்டி வளையம் தேய்ந்து, அந்தச் சுமையைச் சீலின்மேல் இறக்கியிருக்கிறது. அந்த வளையத்தை மாற்றாமல் புதுச் சீல் போட்டால், அதுவும் அதே பக்கத்தில்தான் தேயும்.